வெள்ளிமலையில் கடுக்காய்க்கு இரண்டு விலை

வரித் தகராறு ஒன்றைத் தீர்க்க ஜெர்மனிவரை போய்வந்தவன் நான். பொய்தான். போனது வெள்ளிமலைவரை, அதுவும் லோடு வண்டி டிரைவராக. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்தது.

காலை ஆறரைக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஆடிட்டர் பர்வீன் மேடம் வண்டியில் ஏறினார். எங்கள் முதலாளி மலைக் கடுக்காயை வாங்கி, ஜெர்மனியில் இருக்கும் தன் சொந்தக் கம்பெனிக்கே விற்கிறார். "கம்மி விலைக்கு விற்று லாபத்தை அங்கே தள்ளிவிட்டாய்" என்கிறது இங்குள்ள வரி ஆபீஸ். "ஜாஸ்தி விலைக்கு வாங்கி லாபத்தை இந்தியாவில் விட்டுவிட்டாய்" என்கிறது அங்குள்ள ஆபீஸ். ஒரே லாபத்துக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்டினால் குடோனை மூடவேண்டியதுதான். என் பிழைப்பும் அதோடு சரி.

"இப்ப இன்னா மேடம் பண்றது?"

"சொந்தக்காரனுக்கு ஒரு வெல, வெளியாளுக்கு ஒரு வெல இருக்குதான்னு பாக்கணுங்க. அதான் மலைக்குப் போறோம்."

வடக்கனந்தலில் டீ, பன்னிரண்டு ரூபாய். அதன்பின் வளைவுகளில் மேடம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் ஓட்டும் அழகில் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு வெள்ளிமலை. வழக்கமாக எங்களுக்குச் சரக்கு போடும், என்னைச் சொந்த அண்ணனாகவே நினைக்கும் சின்னப்பொண்ணு வாசலில் கடுக்காய் காயப்போட்டிருந்தாள்.

"தங்கச்சி, கிலோ இன்னா?"

"உனக்கு நாப்பதுண்ணே."

மேடம் என்னை வண்டிக்குப் பின்னால் நிற்கவைத்துவிட்டு, வெளியாள்போலத் தனியாகப் போய்க் கேட்டார். ஐம்பதாம். அவர் முகம் வாடிவிட்டது.

"போச்சு. சொந்தம்னா கம்மின்னு நம்மூரு ஆபீசரு சொல்றதுதான் சரின்னு ஆயிடும்."

சின்னப்பொண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா கம்மி? அண்ணன் வந்தா சொத்தைய அதுவே பொறுக்கும், மூட்ட கட்டும், தூக்கிக்கினும் போவும். நீங்க வந்தா அத்தினியும் நானு செய்யணும். அந்தக் கூலி யாரு குடுப்பா?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "நம்ம சரக்குக்குத் தரம் பிரிக்கற கூலி, கப்பல் கூலி எல்லாம் யாருங்க தர்றது?"

"ஜெர்மனி கம்பெனிதான் மேடம்."

"வெல கொறஞ்சது அந்தக் கூலிக்குத்தான்! அதக் கழிச்சுப் பாத்தா நம்ம வெல கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்ல. ரெண்டு ஆபீசுக்கும் ஒரே பதில். இத நாம கணக்குல எங்கயுமே எழுதல." பேனா ஓட ஆரம்பித்தது. "குடோன மூட வுட மாட்டேங்க."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "மேடம், அந்த ஜெர்மனி ஆபீசரு முன்னாடி நானே வந்து பேசட்டா? ஒருவாட்டி சேலத்துல ஒரு வெள்ளக்காரங்கிட்ட நானு..."

"அண்ணே!" சின்னப்பொண்ணு கத்தினாள். "நாப்பது ரூபா வெலன்னா சும்மாவா? வந்து மூட்டயத் தூக்கு!"