கேட்டுவிட்டுக் காத்திருந்தவர்

கோட்டைப்பட்டினம் நூலகத்தில் ஞாயிறு காலைகளில் ஒருவர் பிள்ளைகளுக்குப் பகடை உருட்டிக் கதை விளையாட்டு நடத்தினார். நல்ல உயரம். பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். கதையில் ஓர் ஆபத்தைச் சொல்லி, "நீங்க என்ன செய்றீங்க?" என்று ஒரு பிள்ளையைக் கேட்பார். பிறகு பகடையை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, பதில் வரும்வரை வாயே திறக்க மாட்டார்.

அந்த மௌனம் எனக்குத் தாங்காது. மகளின் முறை வரும்போதெல்லாம் நானே பதில் சொன்னேன். மீன்பிடிக்கப் போன அவள் அத்தா, என் கணவர், திரும்பாததிலிருந்து அவள் அதிகம் பேசுவதில்லை.

"நானே ரொம்பப் பேசுறேன். நீங்களும் பேசுனா பிள்ளை எப்பங்க பேசும்?" என்று அவர் என்னிடம் சிரித்தார். நான் அடங்கினேன்.

மறுபடி மகளின் முறை வந்தது. "படகுல ஒரு ஆளுக்கு எடம் இருக்கு. யாரை ஏத்திக்கிறீங்க?"

வெகுநேரம் கழித்து மகள் சொன்னாள். "எங்க அத்தாவ. எப்ப வருவாங்கன்னு கேட்டா, அம்மா சோறு ஊட்ட ஆரம்பிச்சிடுறாங்க."

அடுத்து நடந்ததை அவர்தான் சொல்ல வேண்டும். அதுதான் விளையாட்டின் விதி. அவரோ பகடையை என் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப நீங்க பேசணும்மா."

எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்தார்கள். நான் பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

படகு கரைக்கு வந்துவிட்டது என்று அவர் சுலபமாகச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றும் மகளுக்குச் சோறு பிசையும்போது யோசிக்கிறேன்.