குட்டை இருந்த இடத்தில் ஒரு வாசகர்

என் முதல் நாவல் கொடைக்கானலில் நடந்தது. அதுவரை நான் கொடைக்கானலைப் பார்த்ததில்லை. நாவல் என்றால் அப்படி ஓர் இடத்தில்தான் நடக்க வேண்டும், பனி இறங்க வேண்டும், யாராவது சால்வையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் நிற்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். நட்டு போல்ட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் எழுதிய நாவல் அது. ஃபேன் ஓடாத அறையில் பனியைப் பற்றி எழுதுவது கொஞ்சம் சுகமாகவும் இருந்தது.

எழுதியதைப் படித்துவிட்டுப் பதிப்பகத்துக்காரர் வரச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு போட்டு வைத்திருந்தார்.

"கொடைக்கானல் பங்களா வாசல்ல வேலிக்காத்தான் முள்ளு எப்படிம்மா வந்துது?"

நான் குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன்.

"சரி, போகட்டும். இந்தப் பணக்காரப் பொண்ணு, 'எழுந்திருடி, பொழுது சாயுது பாரு'ன்னு கத்துறாளே, யாரைப் பார்த்து?"

"காதலனைப் பார்த்து சார்."

"காதலனை எதுக்கும்மா 'டி' போட்டுக் கூப்பிடுறா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அது காதலனிடம் சொல்வது இல்லை. எங்கள் எருமையிடம் நான் சொன்னது.

நான் வளர்ந்தது ஆவடிக்குப் பக்கத்தில் வெள்ளானூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தார்கள். எங்களுக்கென்று இருந்த ஒரே சொத்து ஓர் எருமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதை மேய்ப்பது என் பொறுப்பு. ஆனால் அது மேயாது. நேராக எல்லையம்மன் கோயிலுக்குப் பின்னால் இருந்த குட்டையில் இறங்கி, மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துவிடும். கெஞ்சினாலும் எழாது, கல்லை விட்டாலும் எழாது. அதற்கே மனது வந்தால்தான் உண்டு.

அதுவரை நான் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு வேலை இல்லாததால் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மூலையில் சேறு முழங்கால்வரை இழுக்கும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கமாக வந்து சேரும், எத்தனை நாள் நிற்கும், எல்லாம் தெரியும். சற்றுத் தள்ளி நெல் அடிக்கிற களம். அது மேடு, எவ்வளவு ஊற்றினாலும் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அந்த ஊரில் உள்ளங்கை அகலம்கூட எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் செருப்பில்லாமல் நடந்த காலுக்கு ஒவ்வொரு அடியும் மனப்பாடம்.

"பங்களாவை எடுத்துடுங்க. எருமையை வெச்சுக்குங்க" என்று சொல்லிக் காகிதக் கட்டைத் திருப்பிக் கொடுத்தார் அவர்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எருமையை மறக்கத்தானே எழுதவே வந்தேன்! இரண்டு மாதம் பேனாவைத் தொடவில்லை. பிறகு வேறு வழியில்லாமல் பங்களாவை எடுத்தேன், சால்வையை எடுத்தேன், காதலனையும் எடுத்தேன். மிச்சம் இருந்தது வெள்ளானூர்தான். அதை எழுத ஆரம்பித்தால் கை நிற்கவில்லை.

புத்தகம் வந்தது. சொந்தக்காரர்களில் அக்கா மட்டும் படித்தாள். அதுவும் அவளைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்க.

அக்கா வீட்டுக்காரரை மாமா என்று கூப்பிடுவேன். ஒரு காலத்தில் ஏர் ஓட்டியவர். வெள்ளானூர் வயல்கள் மனைகளாக மாறத் தொடங்கியதும் அவரும் வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு மனை புரோக்கராகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தார்.

"இன்னாமே எழுதி வெச்சுக்கீற நீ? ஒருத்தர் உன் புக்கைக் கையில வெச்சுகினு சைட்டை அளந்துகினு கீறாரு. ஒடனே கெளம்பி வா!"

போனேன். கல் நட்டுச் சிவப்பு மண் கொட்டிய மனைகளுக்கு நடுவே, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மனை பார்க்க வந்து நின்றிருந்தார். கையில் நூலக முத்திரை குத்திய என் நாவல். கோயிலின் பின்சுவரிலிருந்து ஒவ்வோர் அடியாக எண்ணி வந்து, இரண்டு பனைமரங்களுக்கு நடுவில் நின்றார்.

"அறுபது அடி. புக்ல போட்டபடியே கரெக்டா ரெண்டு பனைக்கும் நடுவுல வருது பாருங்க" என்றார். "நாவல்ல சொன்ன குட்டை இதானே?"

மாமா முந்திக்கொண்டார். "சார், அது கதை சார். இவ எங்க ஊட்டுப் பொண்ணுதான், நீங்களே கேளுங்க. இங்க குட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் இவளா மண்டையிலேர்ந்து எழுதறது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவின் பையன்கள் படிப்பு, வீடு, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது.

நான், "ஆமாங்க சார். நாவல்னா கற்பனைதானே" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. மனை வாங்க வந்தவரின் முகம் இல்லை அது, வாசகரின் முகம். புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"அப்ப அந்த எருமையும் பொய்யாம்மா?"

என்னால் தாங்க முடியவில்லை. என் எழுத்தை ஒருவர் அறுபது அடி நடந்து படிப்பது அதுதான் முதல் தடவை.

"எருமை நெஜம் சார்" என்றேன்.

"அப்போ அது எங்க உக்காந்துது?"

அந்த நேரம் பார்த்து எல்லோருக்கும் டீ எடுத்து வந்த அக்கா, நடந்தது ஒன்றும் தெரியாமல், "நீங்க நிக்கிற எடத்துலதான் சார். எருமைய இட்டாரப் போனா இவளையும் சேத்துல தள்ளும்" என்று சொல்லிவிட்டு அவரிடம் டம்ளரை நீட்டினாள்.

மாமா வானத்தைப் பார்த்தார். டீயை அவர் குடிக்கவேயில்லை.

ரயில்வேக்காரர் மட்டும் ஆற அமரக் குடித்து முடித்தார். பிறகு புத்தகத்தில் வேறொரு பக்கத்தைப் புரட்டினார். "எவ்ளோ மழை பேஞ்சாலும் தண்ணி நிக்காதுன்னு ஒரு களம் எழுதியிருக்கீங்களே, அது எது?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். அந்த மனை பத்து மாதமாக விலை போகாமல் கிடந்தது. ரோட்டிலிருந்து தள்ளி இருக்கிறது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் அங்கே நடந்து போய், இரண்டு தடவை குதித்துப் பார்த்து, அதையே பேசி முடித்தார்.

இப்போது மாமாவின் ஆபீஸ் மேஜையில் என் நாவலின் பிரதி ஒன்று இருக்கிறது. வருகிறவர்களிடம், "நம்மகிட்ட பொய்யே கெடையாது சார், புக்லயே போட்டுகீது" என்று காட்டுகிறார். களம் வருகிற பக்கத்தில் மயிலிறகு வைத்திருக்கிறார். குட்டை வருகிற பக்கங்களை மொத்தமாகச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருக்கிறார்.

அந்தக் களத்து மனையில் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரயில்வேக்காரர் வந்தவர்களிடமெல்லாம், "இந்த மனையை எழுதினவங்க இவங்கதான்" என்று அறிமுகம் செய்தார். நாலைந்து பேர் ஆவலாக என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நாவலைப் பற்றிக் கேட்பார்கள் என்று புடவையைச் சரிசெய்துகொண்டு நின்றேன். பக்கத்தில் வேறு மனை ஏதாவது வருமா என்று கேட்டார்கள்.

பந்தியில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். "திருநின்றவூர்ல புதுசா ஒரு லேஅவுட் எடுத்துகீறேன். அடுத்த கதைய அங்க வெச்சுக்கோயேன்."

"எனக்கு அந்த ஊர் தெரியாதே மாமா. நான் அங்க வளரலியே."

"அதுக்கின்னா? இப்ப போய் நட."

எழுத்தாளரின் இடம் அவரது பால்யத்திலிருந்து வருகிறது, அதை யாரும் திட்டம் போட்டு வரவழைக்க முடியாது என்று அவருக்கு விளக்க ஆரம்பித்தேன். அவர் எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னார்.

ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறிப் போனேன். ஏரிக்கரைப் பக்கமாகச் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஒரு வாடகை வீட்டு வாசலில் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருத்தி கையில் ஈரத்துணியோடு திரும்பினாள்.

"இன்னாமே, அடுத்தவங்க ஊட்டு வாசல்ல இன்னா தேடிகினு கீற?"

திட்டு வாங்கிக்கொண்டே பையிலிருந்து நோட்டை எடுத்தேன். புது நாவலின் முதல் வரி அதுதான்.