நான் மிச்சம் வைத்த பியரோகி

ஜெர்சி சிட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு போலந்துக்காரம்மா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாள். அவ்வளவு மலிவாக வயிறு நிறைய வேறெங்கும் சாப்பிட முடியாது என்று அப்பா சொல்வார். சொல்வாரே தவிர அழைத்துப் போனதில்லை. அங்கிருந்து வரும் இறைச்சி வாடைக்கே அம்மா எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

அப்படிப்பட்ட அம்மாதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னை இழுத்துக்கொண்டு அந்தக் கடைக்குள் நுழைந்தாள். எண்பதுகளின் கடைசி அது; பொட்டு வைத்த இந்தியப் பெண்களைத் தேடி அடிக்கும் கும்பல்கள் எங்கள் ஊரில் திரிந்த காலம். எனக்கு ஏழு வயது.

லாண்டிரியிலிருந்து துணிமூட்டையோடு திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் மூன்று இளைஞர்கள் சிரித்தபடி வந்தார்கள். ஒருவன் தன் நெற்றியைத் தட்டிக் காட்டி ஏதோ கத்தினான். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பிடித்த பிடியில் என் மணிக்கட்டு வலித்தது.

"அம்மா, யூ ஆர் ஹர்ட்டிங் மீ."

"பேசாம வா."

அம்மாவிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு பாட்டில் எங்கள் காலடியில் விழுந்து சிதறியது. மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு அம்மா ஓடினாள்.

கடைக்காரம்மா ஆஜானுபாகுவானவள். முழங்கை வரை மாவு. எங்களைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், விறுவிறுவென்று வந்து கதவைப் பூட்டினாள். அம்மாவின் தோளைப் பிடித்துக் கடைசி மேசைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். தன் பாஷையில் சத்தம் போட்டாள். பிறகு தன் நெற்றியில் விரல் வைத்து, எதையோ அழிப்பதுபோல் தேய்த்துக் காட்டினாள். அம்மா பொட்டை எடுத்தாள். விரல் நுனியில் ஒட்டியிருந்த அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தெருவில் வந்தவர்களைவிட இவள்தான் எனக்குப் பயங்கரமாகத் தெரிந்தாள்.

அம்மா அங்கிருந்த ஃபோனில் அப்பாவைக் கூப்பிட்டாள். கேட்காமலே இரண்டு தட்டு வந்தது. கொழுக்கட்டை போல மடித்து அவித்த பியரோகி, மேலே வதக்கிய வெங்காயம்.

"பொட்டேட்டோ. நோ மீட்," என்றாள் கடைக்காரம்மா.

வெளியிலிருந்து யாரோ கண்ணாடிக் கதவில் ஓங்கி அறைந்தார்கள். அவள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக் கதவை மறைத்து நின்றாள்.

"மெதுவா சாப்பிடு," என்றாள் அம்மா. "அப்பா வந்துடுவார்."

அப்பா ஆஸ்பத்திரி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். கடைக்காரம்மா எங்களோடு வீட்டு வாசல் வரை நடந்து வந்துவிட்டுத்தான் போனாள்.

அதன் பிறகு அம்மா வெளியே போகும்போது பொட்டு வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அந்தக் கடைக்கு அடிக்கடி போனாள். என் தட்டில் மட்டும் எப்போதும் ஒரு பியரோகி கூடுதலாக இருக்கும். அந்த ஒன்றை நான் தொடவே மாட்டேன்.

"ஷி நோ லைக்?" என்று கடைக்காரம்மா அம்மாவிடம் கேட்பாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அம்மாவின் நெற்றியை வெறுமையாக்கியவள் அவள்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.