தராசில் தொங்கிய ரிசீவர்

சடையப்பனுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. ஆரணிச் சுற்றுவட்டத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிப்பதற்குள் எவனாவது ஒருத்தன் ஆரம்பித்துவிடுவான்.

"இன்னா சடையா, சேவூர்ல நீ எடுத்துக் குடுத்த அரை டன் டி.வி. இன்னும் ஓடிகினு கீதா?"

பக்கத்து இலைக்காரன், எதிர் இலைக்காரன், சாம்பார் ஊற்ற வந்தவன் எல்லோரும் சிரிப்பார்கள். அதற்குப் பிறகு வருகிற பாயசம் சடையப்பனுக்கு நாக்கில் ஏறாது.

அந்த டி.வி.யை அவன் எடுத்துக் கொடுக்கவே இல்லை. எடுத்தவர் தனசேகரன்.

தனசேகரன் சேவூரில் பட்டு நெய்கிறவர். சடையப்பனைவிட நாலு வயசு மூத்தவர், நாலு வீடு தள்ளி இருக்கிறவர். நல்ல மனுஷன்தான், கூடக் கடைக்குப் போகாத வரைக்கும். அவர் தொழிலில் எல்லாமே எடை. முதலாளி தறியில் நீளவாக்கில் கட்டுகிற பாவு கொடுத்தால் எடை போட்டுக் கொடுப்பார். குறுக்கே ஓடுகிற ஊடைக்குப் பட்டு கொடுத்தால் அதுவும் எடை. நெய்த சேலை திரும்பிப் போனால் அதையும் தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்சு. முப்பது வருஷம் இப்படியே கழித்த மனுஷனுக்கு உலகமே ஒரு கொக்கியில் தொங்குவதாக நினைப்பு. வண்டிப் பெட்டியில் எப்போதும் ஒரு கொக்கித் தராசு கிடக்கும். குக்கர் வாங்கினாலும் தொங்கவிடுவார், செருப்பு வாங்கினாலும் தொங்கவிடுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட உள்ளங்கையில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத்தான் பிரிப்பார். பத்திரிகை கனமாக இருந்தால் மாப்பிள்ளை வீடு நல்ல வீடு.

சடையப்பன் ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். பஸ் ஸ்டாப் பக்கத்தில் டி.வி., மிக்சி, மோட்டார் ரிப்பேர் கடை. மிக்சி சுற்றுகிற சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். ஒரு காலத்தில் ஊரில் யார் என்ன சாமான் வாங்கப் போனாலும் அவனைத்தான் கூட இட்டுப்போவார்கள். அதற்குக் கூலி ஒரு டீயும் வடையும். ஆனால் ‘தெரிஞ்சவன்’ என்கிற பெயர் இருக்கிறதே, அது கடை போர்டைவிடப் பெரிசு.

தனசேகரன் டி.வி. வாங்கக் கூப்பிட்டபோதும் அப்படித்தான் போனான். சுவரில் மாட்டுகிற தட்டை டி.வி. பரவிக்கொண்டிருந்த சமயம். சடையப்பன் அதைக் காட்டினான். தனசேகரன் ஒரு கையால் தூக்கினார்.

"இன்னாடா இது, அப்பளம் மாதிரி கீது. உள்ள ஒண்ணுமே இல்லியே."

கடை மூலையில் யாரும் சீண்டாத பெரிய டப்பா டி.வி. ஒன்று மிச்சமிருந்தது. அசைத்துப் பார்த்தார், அசையவில்லை. தராசில் மாட்டப் போனார், கொக்கி நிமிர்ந்துவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அவர் அப்படிச் சிரித்திருக்க மாட்டார். நாலு பேர் சேர்ந்து டெம்போவில் ஏற்றினார்கள்.

ஒரு வருஷத்துக்குள் தெருவில் எல்லார் வீட்டுச் சுவரிலும் தட்டை டி.வி. ஏறிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்து சிரித்தபோது தனசேகரன் அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்: "எனக்கு இன்னா தெரியும்? சடையன் எடுன்னான், எடுத்தேன்."

அந்த ஒரு வார்த்தை டவுன் பஸ் ஏறிப் பெரணமல்லூர் வரைக்கும் போனது. அதற்குப் பிறகு ஒரு டார்ச் லைட் வாங்கக்கூட யாரும் சடையப்பனைக் கூப்பிடவில்லை. சரி, அந்த டி.வி. ஒரு தடவையாவது ரிப்பேர் ஆகித் தொலைத்ததா? பத்து வருஷம் கல்லு மாதிரி ஓடியது. அது தனி எரிச்சல்.

போன தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனசேகரன் வண்டியைக் கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தினார்.

"சடையா, கெளம்பு. ஜல்தி. வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வாங்கணும்."

சடையப்பன் கையிலிருந்த ஃபேன் காயிலை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "வேற ஆளப் பாருண்ணா. என்னாண்ட வந்து பேஜார் பண்ணாத."

"உதயா லிஸ்டு அனுப்பிகினே கீறான்டா. அஞ்சு ஸ்பீக்கராம், ஒரு பேஸ் பெட்டியாம், இது எல்லாத்துக்கும் நடுவுல ரிசீவராம். ரிசீவருன்னா டெலிபோன்ல கீறதுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

உதயா அவர் மகன். ஒரகடத்தில் கம்பெனி வேலை, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவான். டப்பா டி.வி.யை இறக்கிவிட்டுப் புதுசைச் சுவரில் மாட்டினவனும் அவன்தான்.

"யாருக்கு இதெல்லாம்? உதயாவுக்கா, அண்ணிக்கா?"

"அவ எங்க பாக்கறா. படம் போட்டா அடுப்பாண்ட போயி நின்னுக்கறா."

சடையப்பன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "சரி, வரேன். ஆனா ஒண்ணு. நான் கைகாட்டற மிஷினத்தான் வாங்கணும். நல்லா கீதுன்னா ‘இது சடையப்பன் செலக்‌ஷன்’னு நீயே நாலு பேராண்ட சொல்லணும். பன்னெண்டு வருஷமா தலகுனிஞ்சி சோறு துன்றேன் பந்தியில."

"சொல்றேன்டா."

"அண்ணி மேல சத்தியம் பண்ணு."

தனசேகரன் கொஞ்சம் யோசித்தார். "அவ மேல வேணாம். தறி மேல பண்றேன்."

நெசவாளி தறி மேல் சத்தியம் பண்ணினால் அதற்கு மேல் பேச்சில்லை. போன பெயர் இன்றைக்குத் திரும்பிவிடும் என்று சடையப்பன் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் சங்கீதா என்கிற பெண் நின்றிருந்தாள். விவரமான பெண்.

"ரிசீவர்தான் சார் எல்லாத்துக்கும் தல. படத்துல வர்ற சத்தத்தப் பிரிச்சி, மழைய பின்னாடி, சண்டைய சைடுல, பேச்ச நடுவுலன்னு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கா அனுப்பும்."

"ஓ, முதலாளி வீட்டு வீட்டுக்குப் பாவு பிரிச்சிக் குடுக்கற மாதிரி" என்றார் தனசேகரன்.

உதயா கேட்டிருந்த மிஷினை முதலில் காட்டினாள். நீலமும் சிவப்புமாக லைட்டு ஓடியது. நெற்றியில் ‘ஐயாயிரம் வாட்ஸ்’ என்று ஸ்டிக்கர். சடையப்பன் அதைத் திருப்பிப் பின்னால் வருகிற ஒயரை விரலால் உருட்டிப் பார்த்தான்.

"இந்த ஒயர்ல ஐயாயிரம் வாட்ஸ் வந்தா, கூடவே ஒரு தீயணைப்பு வண்டியும் வாங்கணும்மா."

தனசேகரன் அதற்குள் தராசை எடுத்துத் தொங்கவிட்டிருந்தார். மூன்றே முக்கால் கிலோ. "அரை டஜன் தேங்கா எடகூட இல்ல. வைம்மா அந்தாண்ட."

சடையப்பனும் லேசுப்பட்டவன் இல்லை. கடைக்குள் நுழையும்போதே கண்ணால் அளந்து, இருப்பதிலேயே கனமான கறுப்பு ரிசீவர் ஒன்றைக் குறித்து வைத்திருந்தான். கனம் இருந்தால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பெரிசாக இருக்கும், சத்தத்தை ஏற்றினாலும் திணறாது. அதாவது இந்த ஒரு சாமானில் தனசேகரனின் தராசு சரியாகவே பேசும். அதை அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. சொன்னால் பெயர் தராசுக்குப் போய்விடும்.

"இதான் என் செலக்‌ஷன்" என்று கைகாட்டினான்.

தனசேகரன் துண்டைச் சுற்றி முடிச்சுப் போட்டு ரிசீவரைக் கொக்கியில் மாட்டினார். சங்கீதா இரண்டு கையையும் கீழே ஏந்திக்கொண்டு ஓடிவந்தாள். "சார், சார்! இத யாரும் இப்பிடித் தொங்கவுட்டு வாங்கனதில்ல சார்!"

"பயப்படாதம்மா. பட்டு தூக்கற கை, கீழ வுடாது."

ஒன்பதரை கிலோ. ஃபேன் வாங்க வந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சடையப்பனுக்கு அப்போதே பாயசம் இனித்தது.

அங்கேதான் தனசேகரன் வேலையைக் காட்டினார்.

"சண்ட வேணாம்மா. ரெண்டு பேரு மெதுவா பேசிக்கற மாதிரி ஒண்ணு போடு."

அவள் போட்டாள். தனசேகரன் நாலடி தள்ளிப் போய், உடம்பைக் கோணலாகத் திருப்பிக்கொண்டு, வலது காதுக்குள் ஆட்காட்டி விரலை விட்டு அடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டார். கடையே பார்த்தது. சடையப்பன் இவரை யாரென்றே தெரியாதது போலச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரங்களைப் பார்த்தான்.

"சார், ரெண்டு காதாலயும் கேட்டாத்தான் சத்தம் சுத்தி வர்றது தெரியும்."

"சுத்தறதெல்லாம் வேணாம்மா எனக்கு. இந்தப் பேச்ச மட்டும் தனியா ஏத்த முடியுமா?"

"எல்லாத்துலயும் முடியும் சார். மெனுக்குள்ள போயி நடு ஸ்பீக்கர ஏத்தணும்."

"உள்ளல்லாம் போவத் தெரியாது. வெளியவே பட்டன் கீதா?"

"இதே கம்பெனில இன்னொண்ணு கீது சார், இதவிடச் சின்னது. அதுல ரிமோட்லயே பேச்சுக்குன்னு தனி பட்டன்."

சின்னதைப் போட்டாள். மறுபடியும் விரல், மறுபடியும் கோணல். திரையில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் முழுசாக ஒரு சண்டையைக் கிசுகிசுப்பாகப் போட்டு முடிக்கும் வரைக்கும் தனசேகரன் அசையவில்லை. பிறகு விரலை எடுத்தார்.

"இதக் கட்டும்மா."

சடையப்பன் அந்தச் சின்னதைப் பிடுங்கித் தராசில் மாட்டினான். ஏழு கிலோ.

"யோவ்! ரெண்டரை கிலோ கம்மி!"

"ஆமா."

"நான் கைகாட்டனது அது!"

"தெரியும்டா."

"தறி மேல சத்தியம் பண்ணியே!"

"தறியாண்ட நான் பேசிக்கறேன். நீ ஒயரு எத்தினி மீட்டர் வேணும்னு சொல்லு."

தனசேகரன் வாழ்நாளில் முதல் தடவையாக எடை குறைந்த சாமானை வாங்குகிறார், அதையும் தன் பெயரைக் கெடுப்பதற்காகவே வாங்குகிறார் என்று சடையப்பனுக்குப் பட்டது. ஒயரைக் கோர்த்துக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டான்.

தனசேகரன் வீட்டுக் கூடத்தில் பாதி தறி, மீதியில்தான் மனிதர்கள். சடையப்பன் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சுவரோரமாக ஒயர் இழுத்தான். தனசேகரன் அவர் பாட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அடுப்பங்கரை வாசல் பக்கமாகப் போட்டார். உட்கார்ந்து பார்த்தார், எழுந்தார், இன்னும் கொஞ்சம் திருப்பினார். கடைசியில் சாக்பீஸ் எடுத்து நாலு கால் நின்ற இடத்திலும் தரையில் வட்டம் போட்டார்.

"ஏண்ணா நாற்காலி கோணலா கீது?" பேசுவதில்லை என்ற முடிவு அத்தனை நேரம்தான் தாங்கியது.

"அது அப்பிடித்தான்."

நாலு மணி வாக்கில் படம் போட்டார்கள். சோபாவில் காலை நீட்டியிருந்த உதயா இரண்டு நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்தான்.

"இன்னாப்பா இது? பேஸே இல்ல. பேச்சுதான் மண்டையில அடிக்குது."

"பேஸ ஏத்தனா பாவு அதிரும்டா. சும்மா பாரு."

தனசேகரன் பெண்டாட்டி சாவித்திரி டீ கொண்டுவந்தாள். டம்ளரைக் கொடுத்துவிட்டு, வழக்கம் போல அடுப்பங்கரைக்குத் திரும்பினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் சாவித்திரியை ஒரு படத்துக்கு முன்னாலிருந்து எழுப்ப முடியாது. அந்த அரை டன் டி.வி.க்கு எதிரில் உட்கார்ந்து ராட்டையில் ஊடை சுற்றிக்கொண்டே பார்ப்பாள். மறுநாள் குழாயடியில் வசனத்தோடு கதை சொல்லுவாள். பிறகு பொன்னுக்கு வீங்கி வந்தது. வீக்கம் வடிந்தது, வலது காது திரும்பவில்லை. இனிமேல் எந்த மிஷின் வைத்தாலும் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவுக்கே தெரிந்த விஷயம்தான், சடையப்பனுக்கும் தெரியும். பாட்டும் அடிதடியும் கலந்து வந்தால் பேச்சு அவளுக்குப் பிடிபடாது. "இன்னா சொன்னான்?" என்று கேட்பாள். உதயா ஒரு தடவை சொல்லுவான், இரண்டு தடவை சொல்லுவான், மூன்றாவது தடவை "ஐயோ, படத்தப் பாக்க வுடும்மா" என்பான். கொஞ்ச நாளில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அப்புறம் பார்ப்பதையும்.

திரையில் ஒரு கிழவன் தன் மருமகனைப் பற்றி முணுமுணுப்பாக ஏதோ சொன்னான். பின்னாலே மழை பெய்துகொண்டிருந்தது. உதயா போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாவித்திரி சிரித்தாள்.

அடுப்பங்கரை வாசலில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்தபடி நின்று சிரித்தாள். பிறகு டீத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கோணல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "கெழவன் வாயப் பாரேன்" என்று யாரிடமோ சொன்னாள். தனசேகரன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ரொம்ப அக்கறையாக டீயை ஊதிக்கொண்டிருந்தார். அது ஆறிப்போன பிறகும் ஊதிக்கொண்டே இருந்தார்.

சடையப்பனுக்குக் கடையில் பார்த்த விரல் ஞாபகம் வந்தது. வலது காது. ஒயர் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தான்.

"இந்த ரிமோட்ட இப்பிடிக் குடு" என்று உதயா கை நீட்டினான். "பேச்ச எறக்கிட்டு பேஸ ஏத்தறேன்."

"வைடா. அது சடையன் போட்ட செட்டிங்கு" என்றார் தனசேகரன்.

சடையப்பன் வாசலில் மொபெட்டை உதைத்துக் கிளப்பும்போது தனசேகரன் செருப்பில்லாமல் பின்னாலேயே வந்து ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார்.

"கோவமாடா?"

"அண்ணிக்குத்தான்னு காலையிலயே சொல்லி இருக்கலாம் இல்ல?"

"உன்னாண்ட சொன்னா தெருவுக்கே சொன்ன மாதிரி."

"சரி, இப்பவாவது உதயாவாண்ட சொல்லு. அவன் ஒண்ணும் கெட்டவன் இல்ல, வுட்டுக் குடுப்பான்."

"அவன் வுட்டுக் குடுப்பான்டா. அது அவளுக்குத் தெரிஞ்சிடும். தனக்காவத்தான் எல்லாரும் சத்தத்த மாத்தி வச்சிகினு கேக்கறாங்கன்னு தெரிஞ்சா, அடுத்த நிமிஷம் எழுந்து உள்ள போயிடுவா. உனக்குத் தெரியாதா அவள?"

உள்ளேயிருந்து சாவித்திரியின் குரல் வந்தது. கதையில் அடுத்து என்ன நடக்கும் என்று உதயாவுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ சலித்துக்கொண்டான். அவள் விடவில்லை.

தனசேகரன் பிடித்த ஹேண்டில் பாரை விடாமல் குரலைத் தாழ்த்தினார்.

"வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான்டா, ஏன் பேஸ் இல்ல, ஏன் இந்தச் சின்னத வாங்கனேன்னு. சடையன் எடுன்னான், எடுத்தேன்னு உதயாவாண்ட சொல்லி வச்சிட்டேன். எவன் கேட்டாலும் நீயும் ஆமான்னுடு. இப்ப வண்டிய ஆஃப் பண்ணு, உள்ள வா. அந்தப் பேச்சு பட்டன்ல யாராவது கைய வச்சா மிஷினு எரிஞ்சிடும்னு அவனாண்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ."