காலாவதியான அறுபது சென்ட்

ஆடலூரில் மகாராணியக்காவிடம் யாராவது பெயரைக் கேட்டால் முதலில் சர்வே நம்பரைத்தான் சொல்வார். "எட்டு பை மூணு, மகாராணி." நான்கு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர். அங்கே மூன்று தலைமுறை துரைமார் நிலத்தில் கொழுந்து கிள்ளியது குடும்பம். இங்கே வந்தும் அடுத்தவர் காப்பித் தோட்டத்தில் முப்பது வருஷக் கூலி வேலை. ஐம்பதாவது வயதில்தான் அறுபது சென்ட் சொந்தமாயிற்று. பீன்ஸ் போட்டார், ஓரத்தில் மலைவாழை வைத்தார். லேமினேட் செய்த பட்டாவை மறுபடியும் லேமினேட் செய்யச் சொல்லிக் கடைக்காரரோடு சண்டை போட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

போன வருஷம் ஜூனில், காட்டுமாடு வராமலிருக்க சோலார் வேலி போட்டுத் தருவதாக ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. நாற்பத்தொரு பேர் பெயர் கொடுத்தோம். அவர்களுடைய பெருமாள்மலை ஆபீஸில் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் சிவமுருகன். நல்ல மனிதர், ஆனால் கம்ப்யூட்டர் சொல்வதைத் தவிர வேறெதையும் நம்பாதவர்.

ஒரு வாரத்தில் அக்காவின் செல்லுக்குக் குறுஞ்செய்தி வந்தது. "மகாராணி அவர்களே, உங்கள் நிலம் 08-03-2025 அன்று காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கவும்."

டீக்கடை சுந்தரராஜ் அதை உரக்கப் படித்தார். "பால் பாக்கெட்டுக்குத் தேதி போடுறான், மாத்திரைக்குப் போடுறான். இப்ப நெலத்துக்கும் ஆரம்பிச்சுட்டான். ஊசிப் போறதுக்குள்ள வித்துருக்கா!" கடையே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

விஷயம் இவ்வளவுதான். எட்டு, சாய்ந்த கோடு, மூன்று என்று அடித்தால் அந்தக் கம்ப்யூட்டர் அதை மார்ச் எட்டாம் தேதி என்று எடுத்துக்கொள்ளும். யாரும் கேட்காமலே நடப்பு வருஷத்தையும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தத் தேதி கடந்துவிட்டதே என்று அதுவே கவலைப்படும். மற்றவர்கள் நம்பரெல்லாம் நூறைத் தாண்டியவை, இல்லையென்றால் வாலில் எழுத்து உள்ளவை. என்னுடையது அக்காவுக்குப் பக்கத்து நிலம், எட்டு பை நாலு பி. அந்த ஒற்றை 'பி' புண்ணியத்தில் என் நிலம் நிலமாகவே இருந்தது.

வேலிக்காரர்கள் வந்தார்கள். அக்கா நிலத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ள நிலங்களுக்கெல்லாம் கம்பி இழுத்தார்கள். மறித்துக் கேட்டதற்கு மேஸ்திரி பட்டியலைக் காட்டினார். "ஒங்க பேருக்கு நேரா நெலம் இல்லம்மா, தேதிதான் இருக்கு. தேதிக்கு எப்படி வேலி போடுறது?"

முன்பெல்லாம் காட்டுமாடுகள் ஊர் முழுக்கப் பிரிந்து மேயும். இப்போது போக்கிடம் ஒன்றே ஒன்று. சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் ரேஷன் கடை வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாக அக்கா நிலத்துக்குள் இறங்கின. அக்கா தகரத்தைத் தட்டிக்கொண்டு கத்துவார். நான் என் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். வெட்கமாக இருந்தது. என்றாலும் நின்றேன்.

ஒருநாள் அக்கா வெள்ளனே பஸ் ஏறிப் பெருமாள்மலைக்குப் போனார். துணைக்கு நான். பட்டாவை மேஜையில் வைத்து, பக்கத்தில் மாடு மிச்சம் வைத்த பீன்ஸையும் கொட்டினார்.

"காலாவதியான நெலத்துல காச்சது சார். மோந்து பாருங்க, ஊசியிருக்கா?"

சிவமுருகன் நிஜமாகவே மோந்து பார்த்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. சிஸ்டம் ஒத்துக்கிட மாட்டேங்குதே." எட்டு பை மூன்றை அடித்தார். மார்ச் எட்டு வந்தது. அழித்து மறுபடி அடித்தார். மறுபடியும் மார்ச் எட்டு. பத்துத் தடவைக்குப் பின் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார், "ஒங்க நம்பர்தான் சரியில்லம்மா. தாசில்தார்ட்ட சொல்லி வேற நம்பர் வாங்கிட்டு வாங்களேன்."

"பிள்ள பேரு வாயில நொழையலன்னா வேற பிள்ள வாங்கிட்டு வரச் சொல்லுவீகளா?" என்று கேட்டுவிட்டு அக்கா பட்டாவை எடுத்துக்கொண்டார். பீன்ஸை அங்கேயே விட்டுவிட்டார்.

ஜனவரியில் திரும்பவும் போனோம். சிவமுருகன் அடித்துப் பார்த்துத் துள்ளினார். "அம்மா, வருசம் பொறந்திருச்சுல்ல! இப்ப 2026 மார்ச் எட்டுன்னு காட்டுது. ஒங்க நெலத்துக்கு உயிர் வந்திருச்சு!"

"அப்ப வேலி?"

"ஆபீஸ் காலண்டர்லயே ஒங்க பேரு ஏறிருச்சும்மா. அன்னைக்குக் கண்டிப்பா வருவோம்."

வந்தார்கள். மார்ச் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, இரண்டு ஜீப். கம்பியும் இல்லை, கம்பமும் இல்லை. சால்வை, மாலை, கேடயம், "மகளிர் தின சாதனையாளர் மகாராணி" என்று ஒரு பேனர். மதுரையிலிருந்த அவர்கள் இயக்குநர் அம்மா மகளிர் தினத்துக்கு நேராக ஒரு பெண் பெயரைக் காலண்டரில் பார்த்துவிட்டு, பாராட்டு விழா என்று கிளம்பி வந்துவிட்டாராம். என்ன சாதனை என்று வந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மொட்டையாய் நின்ற பீன்ஸ் குச்சிகளுக்கு நடுவே போட்டோ எடுத்தார்கள். பிறகு மைக்கை நீட்டினார்கள்.

அக்கா சால்வையைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்குன்னு ஒரு நாள் ஒதுக்கி வந்திருக்கீக, சந்தோசம். ஆனா எனக்கு நாள் வேணாங்க. எங்க தாத்தா, எங்கப்பா, நானு, எல்லாரும் நாள் கூலிதான். நாளு ஏகமாப் பாத்தாச்சு. எங்க வம்சத்துலயே மொதமொதல்ல கெடச்ச நெலம் இது. அத நெலம்னு எழுதுங்க."

யாரும் கைதட்டவில்லை. இயக்குநர் அம்மா பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அப்புறம் சிவமுருகனைப் பார்த்தார். சிவமுருகன் பேனாவை எடுத்துத் தேதியை அடித்துவிட்டு, "எட்டு பை மூன்று" என்று எழுத்தால் எழுதினார்.

வியாழக்கிழமை கம்பி வந்தது. அக்கா கம்பத்துக்குக் கம்பம் ஆட்களோடு கூடவே நடந்தார். எனக்கும் அவருக்கும் பொதுவான எல்லையில் ஏற்கெனவே என் வேலி இருப்பதால் அந்தப் பக்கம் மட்டும் வேண்டாமே என்றார் மேஸ்திரி. "அது அவன் வேலி. எனக்கு நாலு பக்கமும் போடுங்க," என்றார் அக்கா, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.