முதுகு மட்டும் வரும் கனவு

சென்ற வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு என் ஆழ்மனம் வாட்ஸ்அப்பில் வெளியானது.

நான் வெளியிடவில்லை. என் கட்டைவிரல் வெளியிட்டது.

ஆறு மாதமாகக் கனவுகளைப் பதிவு செய்து வருகிறேன். ஐம்பதைத் தாண்டியவர்கள் சிலர் சைக்கிள் வாங்குவார்கள். நான் தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கினேன். கண் விழித்த கையோடு கனவை எழுதிவிட வேண்டுமாம். நம் குடும்பமே அதற்குள் ஒளிந்திருக்குமாம்.

எழுதினேன். மத்தியானம் எடுத்துப் பார்த்தால், ‘யானை. லிஃப்ட். மாமா கோபம்’ என்றிருந்தது. எந்த மாமா? யானைக்கும் அவருக்கும் என்ன தகராறு?

அதனால் குரல் பதிவுக்கு மாறினேன். எனக்கு நானே அனுப்பி வைத்துக்கொள்வேன். வியாழனன்று விரல் ஒரு வரி தவறி, பத்தொன்பது பேர் இருக்கும் குடும்ப குரூப்புக்கு அனுப்பிவிட்டது.

நாலாவது முறையாக வந்த கனவு அது. வட்டமான ஏதோ ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அது ஆடுகிறது. இரண்டு பக்கமும் மரங்கள் வரிசை வரிசையாக நகர்கின்றன. எனக்கு முன்னால் ஓர் ஆள் நடக்கிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது. முகத்தைத் திருப்புவதே இல்லை. குடலைப் புரட்டும் நாற்றம் வேறு.

இதோடு நிறுத்தியிருக்கலாம். செய்தி வாசிக்கும் குரலில் விளக்கமும் சொல்லியிருந்தேன். வட்டம் — கருப்பை. நாற்றம் — அடக்கி வைத்த குற்ற உணர்வு. முகம் காட்டாத மனிதர் — என்னை நிராகரிக்கும் இந்தச் சமூகம்.

கமுந்திங்கிலிருந்து அண்ணன் முதலில் பதில் போட்டார்: “டேய், ராத்திரி என்னாடா சாப்ட?”

அழிப்பதற்குள் போன் அடித்தது. தெலுக் இந்தானிலிருந்து அக்கா.

“தம்பி, அது சமூகம் இல்லலா. அப்பா.”

எனக்கு மூன்று வயது ஆவதற்குள் அப்பா இறந்துவிட்டார். அப்போது அண்ணனுக்கு ஏழு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அவர்களிடம் கதைகள் இருக்கின்றன. என்னிடம் இருப்பதோ ஐசி அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய ஒரு படம். தீபாவளிக்கு எல்லாரும் கூடி அப்பாவைப் பற்றிப் பேசும்போது, பார்க்காத சினிமாவுக்குத் தலையாட்டுகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு நினைவு... சொந்தமாக, ஒன்றே ஒன்று இருந்தால் போதும் என்று ஏங்கியிருக்கிறேன்.

“வட்டமா இருந்துச்சுன்னியே, அது பால் வாளிடா. காண்டாக் கம்பைத் தோள்ல வெச்சு, ரெண்டு முனையிலயும் வாளிய மாட்டித் தூக்குவாங்கல்ல? பின்னாடி வாளியில நீ. முன்னாடி வாளியில கட்டிப்பால்.”

கட்டிப்பால்! மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்து கட்டியாகிப்போன ரப்பர் பால். அதை ஏற்றிய லாரி ஒரு மைல் தூரத்தில் வந்தாலும் பேராக் மாநிலத்தில் பாதிப் பேர் மூக்கைப் பொத்துவார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்த நான்தான் அதைக் குற்ற உணர்வு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

“என்னைய ஏன்க்கா வாளியில வெச்சாரு?”

“ஆயாக்கொட்டகையில ஒன்னையச் சேத்துக்க மாட்டேனுட்டாங்க. அங்க விட்டுட்டுப் போன பிள்ளைங்கள ஒன்னு விடாம எல்லாத்தையும் கடிச்சு வெச்ச. அம்மாவுக்கு அப்பக் காய்ச்சல். ஒரு வாரம் அப்பாதான் ஒன்னைய பாலுக்கு மரம் வெட்டுற எடத்துக்குத் தூக்கிட்டுப் போனாரு. நீ எட்டிக் குதிச்சிராம நான் பின்னாடியே வருவேன்.”

“அப்ப முகத்த ஏன் காட்டல?”

“பின்னாடி வாளியில ஒக்காந்துகிட்டு முகத்தக் காட்டுன்னா? அப்பா என்ன பின்னாடி பாத்துகிட்டா நடப்பாரு?”

புத்தகத்தின் மூன்று அத்தியாயங்கள் அங்கேயே சரிந்தன.

மகிழ வேண்டியவன்தான். ஆனால் தடித்த புத்தகம் படிப்பவனுக்குச் சந்தேகமும் தடித்ததாகத்தான் வரும். ஒருவேளை இது கேட்ட கதையாக இருந்தால்? அவர்களுடைய நினைவை நான் கடன் வாங்கிக் கனவு காண்கிறேனா?

“இத நீங்க எப்பவாச்சும் சொல்லி நான் கேட்டிருப்பேனாக்கா?”

“சொல்லியிருப்பேன்... தெரியலையேடா. தீபாவளிக்கு நூறு கதை பேசுறோம்.”

போச்சு.

அப்போதுதான் பதிவில் சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகம் வந்தது. ஆழமான கனவுக்கு அது கௌரவமாக இல்லையே என்று மறைத்திருந்தேன்.

“அக்கா... நடுவுல அந்த ஆளு நிப்பாரு. எல்லாம் ஒரு சுத்து சுத்தும். அப்ப வாயாலயே ஹாரன் அடிப்பாரு. போம்... போம்...னு.”

போனில் ஒரு சத்தம். அழுகிறாளா? இல்லை, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தோள் மாத்துறப்பலா! கம்ப இந்தத் தோள்லேர்ந்து அந்தத் தோளுக்கு மாத்துனா வாளி சுத்தும், நீ பயந்து கத்துவ. அதுக்குத்தான் ஹாரன். ‘ஒதுங்கு ஒதுங்கு, லாரி திரும்புது’ம்பாரு. வேலைய மேய்க்கிற மண்டோரு காதுல விழுந்தா காலத்துக்கும் கிண்டல் பண்ணுவான், யார்கிட்டயும் சொல்லாத பிள்ளைன்னாரு. அம்மாகிட்டகூட நான் சொன்னதில்லடா!”

அந்த ஒற்றையடிப் பாதையில் மூன்று பேர்தான் இருந்தோம். ஒருவர் போய்விட்டார். ஒருத்தி வாய் திறக்கவில்லை.

அப்படியென்றால் அது என்னுடையது.

நான் சிரித்த சிரிப்பில் மனைவி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். “எங்கப்பா ஹாரன் அடிச்சாரு” என்றேன். அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கனவுக்கு அர்த்தம் தேடுபவர்களுக்கு அனுபவஸ்தன் சொல்கிறேன்: முதலில் அக்காவுக்குப் போன் போடுங்கள். புத்தகத்தைப் பிறகு வாங்கலாம்... அல்லது வாங்காமலே இருக்கலாம்.

அண்ணனால் மட்டும் நம்ப முடியவில்லை. “ஹாரனா? அந்த மனுசனா? என்னைய வெளுத்துதானலா எடுத்தாரு!” ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் என் வீட்டுக்கு வந்தே விட்டார். அக்காவையும் வரவழைத்து, அந்தச் சத்தத்தை மூன்று முறை செய்து காட்டச் சொல்லிக் கேட்டார். நாலாவது முறை அவரே செய்து பார்த்தார். அக்கா சுருதியைத் திருத்தினாள்.

சாயங்காலம் கிளம்பும்போது அண்ணன் வாசலில் காரை ரிவர்ஸ் எடுத்தார். ஹாரனைத் தொடவில்லை. ஓய்வுபெற்ற தலையைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டினார். “போம்... போம்...”

பக்கத்து வீட்டுச் சீனர், நாயைத் தூக்கிக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார்.