பவுண் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை

கவரிங் நகை விற்கிற தொழிலில் வியாபாரி பொய் சொல்லத் தேவையில்லை. அந்த வேலையை வாங்குகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் சனி ஞாயிறு சந்தைகளில் மேசை போட்டுக் கால் கடுக்க நின்றவர்களே, நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

என் மேசை வெக்ஸ்போர்ட் பக்கம், ஒரு பழைய பண்டகசாலைக்குள் நடந்த சந்தையில் இருந்தது. ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவிய வேலையை வீசிவிட்டு, மனைவியின் ஏச்சையும் வாங்கிக்கொண்டு பிடித்த மேசை. கள்ளச் சாமானை அசல் என்று விற்றதாக ஒரு முறைப்பாடு வந்தாலே போதும், அன்றைக்கே இடத்தைக் காலிசெய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பேரம் பேசத் தெரியும், கோபப்படத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. படித்த சொற்களெல்லாம் முகத்தில் எறியப்பட்டவை.

ஃபேக்

முதல் சனிக்கிழமையே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சங்கிலி ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஃபேக்" என்று சொல்லி மேசையில் போட்டுவிட்டுப் போனார். சொல் விளங்கவில்லை, போட்ட விதம் விளங்கியது. பின்னால் துரத்தப் போன என்னைப் பக்கத்து மேசைக்காரி மறித்தார். மிசிஸ் வொங், ஹொங்கொங்கில் இருந்து வந்து கைப்பை விற்றவர். மேசைக்குக் கீழே ஒரு கொப்பி வைத்திருப்பார். காதில் விழுகிற இங்கிலீஷ் சொல்லையெல்லாம் அதில் எழுதி, எதிரே சீனத்தில் விளக்கம் எழுதுவார். போலிக்கும் பொய்க்கும் மட்டும் தனியாக நாலு பக்கம். சந்தையில் அவைதான் அதிகம் புழங்கின.

'இமிற்றேசன்' என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டி, உடைந்த இங்கிலீஷிலும் கைச்சாடையிலும் சொன்னார்: "பொருள் ஒன்றுதான். நீ முந்திச் சொன்னால் இமிற்றேசன். அவன் முந்திச் சொன்னால் ஃபேக்."

ஃபோனி

அன்றே ஒரு அட்டையில் சிவப்பு மையால் 'இமிற்றேசன்' என்று இங்கிலீஷிலும் 'கவரிங்' என்று தமிழிலும் எழுதித் தொங்கவிட்டேன். எங்கட சனம் வந்து, "உதென்ன தகரமோ?" என்று கேட்டுவிட்டு மூன்று சோடி தோடு வாங்கும். வெள்ளைக்காரச் சனம், "ஓ, பியூட்டிஃபுல்! திரும்பி வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போகும், போனது போனதுதான். ஒரு பெண் அப்படிச் சொன்னதை நம்பி, வேறு இரண்டு பேர் கேட்டும் கொடுக்காமல் ஒரு நீலக்கல் மாலையை மாலை ஆறு மணிவரை ஒளித்து வைத்திருந்தேன்.

"இதற்கும் ஃபேக்தானா?" என்று மிசிஸ் வொங்கிடம் கேட்டேன். போலிப் பொருளுக்கு அது, போலியாக நடிக்கிற ஆளுக்கு ஃபோனி என்று கொப்பியைப் பார்த்துச் சொன்னார். அடுத்த கிழமை அந்தப் பெண்ணை வாசலிலேயே பிடித்து, மாலையைக் கையில் தொங்கவிட்டபடி நியாயம் கேட்டேன். கன்னத்தில் கை வைத்து அவள் சொன்னாள்: "எனக்காகக் காத்திருந்தாயா? ஹவ் சுவீற்!"

பெட்டி

சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்து ஒரு அன்ரி வந்தார். ஒரு சாமத்தியவீட்டுக்கு, அதுதான் பெரியபிள்ளையான சடங்குக்கு, பரிசு கொடுக்க வேண்டுமாம். அரை மணித்தியாலம் பேரம் பேசினார். நான் விலையைக் கொஞ்சம் இறக்கினேன், அவர் குரலைக் கொஞ்சம் ஏற்றினார். கடைசியில் அட்டியல் ஒன்றைத் தெரிந்தெடுத்துவிட்டு, பவுண் கடைகளில் கொடுக்கிற மாதிரிச் சிவப்பு வெல்வெட் பெட்டி கேட்டார். "கவரிங்குக்குப் பிளாஸ்ரிக் பைதான் அன்ரி" என்றேன்.

உடனே தன் கைப்பையைத் திறந்தார். உள்ளே பவுண் கடைப் பெயர் பொறித்த பழைய பெட்டி. நான் முறைத்தேன். அன்ரி அசையவில்லை: "தம்பி, நகைதான் உம்மட, பெட்டி என்ர. உமக்கென்ன?"

கௌன்ரர்ஃபிற்

மூன்று கிழமை கழித்து அதே பெட்டி என் மேசைக்குத் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தமிழர். கூடவே சந்தை மனேஜர், கையில் முறைப்பாட்டுத் தாள். தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு அன்ரி எட்டுப் பவுண் என்று தந்ததாம். அஜக்ஸில் வீடு வாங்குவதற்காக விற்கப் போனால் நகைக்கடைக்காரன் சிரித்தானாம். அன்ரியைக் கேட்டதற்கு, "அந்தச் சந்தைக்காரன் என்னையும் ஏமாத்திப்போட்டான்" என்றாராம். மனேஜர் ஒரே சொல்லில் முடித்தார்: கௌன்ரர்ஃபிற். அசல் என்று ஏமாற்றி விற்ற கள்ளச் சாமான். மிசிஸ் வொங்கின் நாலு பக்கத்திலும் பொல்லாத சொல் அதுதான்.

தலைக்கு மேல் தொங்கிய அட்டையைக் காட்டிக் கத்தினேன். மனேஜருக்குச் சண்டை வேண்டாம். "இவரிடம் மன்னிப்பாக ஒரு சொறி சொல்லு, தாளைக் கிழிக்கிறேன். மனதாரச் சொல்ல வேண்டியதில்லை" என்றார். "மனசில்லாத சொறி என் மேசையில் விற்பனைக்கு இல்லை. இடத்தை எடுத்துக்கொள்" என்று தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். பெரிய வாய்தான். திரும்பக் கோப்பை கழுவத்தான் போகவேண்டும்.

கடைசித் தட்டை எடுக்கும்போதுதான் அந்த மனிதரின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். தமிழில் கேட்டேன்: "அண்ணை, போன பனிக்காலம் தொப்பியைக் கண்மட்டும் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து சாமத்தியவீட்டுக்கெண்டு என்னட்டை ஆறு காப்பு வாங்கினது நீங்கள்தானே? ஆற்ர வீட்டுக்கு அண்ணை அது போனது? அன்ரி வீட்டுக்கோ?"

அவர் காது சிவந்தது. சடங்குகளில் நீ எனக்கு என்ன செய்தாயோ அதையே நான் உனக்குத் திருப்பிச் செய்வது எங்கள் ஊர் வழக்கம். அன்ரி ஒரு குறையும் வைக்காமல் திருப்பிச் செய்திருக்கிறார்.

மனேஜருக்கு எங்கள் பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. அவர் பக்கம் திரும்பி, "மை மிஸ்ரேக், சேர். இவர் வெரி ஒனஸ்ற் மான்" என்று அந்த மனிதர் பல்லைக் காட்டினார். தாள் கிழிந்தது. போகிற போக்கில் குனிந்து என் காதுக்குள் சொன்னார்: "தம்பி, அந்தக் காப்புக் கதையை ஒருத்தரிட்டையும் விட்டுடாதையும். என்ர மனுசியே அதைப் பவுண் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா."

அதற்குப் பிறகும் பல வருடம் அதே மேசையில், அதே அட்டைக்குக் கீழே நின்று விற்றேன். என்னிடம் நகை வாங்கியதாக ஒத்துக்கொண்ட தமிழர் ரொறன்ரோவில் இன்றுவரை ஒருவரும் இல்லை.